திருடினால்தான் வளரும்

மணி பிளாண்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்று முதன்முதலில் கிளப்பிவிட்ட அந்தப் புண்ணியவதி யார் என்று தெரிந்தால், நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். அந்தக் கொடியை ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டு ஜன்னலில் வைத்தால் போதும், தன்பாட்டுக்கு வளரும். உரம் கேட்காது, வெயில் கேட்காது, ஒரு வாரம் மறந்துபோனாலும் கோபித்துக்கொள்ளாது. இப்படிப்பட்ட சாதுவான செடிக்குப் போய்த் திருட்டுப் பட்டம் கட்டி, கேட்டு வாங்கினால் வேர் விடாது, மனசாரக் கொடுத்தால் கொடுத்த வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று சட்டம் வேறு போட்டு வைத்திருக்கிறார்கள். இப்போதும் அலுவலகத்தில் என் மேசை மேலிருக்கும் கொடியைப் பார்த்து யாராவது, "எங்க சுட்டது?" என்று கண்ணடித்துக் கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். கடையில் வாங்கினேன், பில் இருக்கிறது, காட்டட்டுமா என்பேன். சிரிக்க வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். போகட்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜைத் தாண்டி, புதிதாக மனை போட்டு வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த ஒரு தெருவில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அரசாங்க அலுவலகத்தில் வேலை. ஊரிலிருந்த எங்கள் பங்கு வயலையும் அப்பாவின் அண்ணனான பெரியப்பாவே சேர்த்துப் பயிர் வைத்தார். அம்மாவும் வயல் இருந்த வீட்டில் பிறந்தவள்தான். டவுனுக்கு வந்த பிறகு கை சும்மா இருக்க முடியவில்லையோ என்னவோ, செடிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. யாரோ ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் தாம்பூலப் பையோடு ஒரு சின்னக் குரோட்டன்ஸ் கன்றும் கொடுத்து அனுப்பினார்கள். அதில் ஆரம்பித்தது வினை. இரண்டே வருஷத்தில் எங்கள் வீட்டில் ஓட்டை விழுந்த குண்டான், மூடி தொலைந்த டப்பா, காலியான பெயிண்ட் வாளி என்று எதுவும் சும்மா கிடக்கவில்லை. ஒரு நாள் காலையில் அப்பா முகச்சவரம் செய்யக் குவளையைத் தேடினார். அதில் ஒரு செடி உட்கார்ந்திருந்தது. அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

அம்மாவுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, தெருவுக்கே அந்தக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, முறை வைத்து, வாரம் ஒரு வீட்டில் ஐந்தாறு பெண்கள் கூடுவார்கள். "செடி பாக்கப் போறேன்" என்றுதான் ஒவ்வொருத்தரும் வீட்டில் சொல்லிவிட்டு வருவது. செடியைப் பார்ப்பது பத்து நிமிஷம். மீதி இரண்டு மணி நேரம் டீ, வாழைக்காய் பஜ்ஜி, சீரியலில் செத்தவள் எப்படி உயிரோடு வந்தாள் என்ற ஆராய்ச்சி, மாமியார் புராணம். கிளம்பும்போது ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் ஒரு கிளையோ கன்றோ கொண்டுபோவார்கள். யார் கொடுத்தார்களோ அவர்கள் பேரே அந்தச் செடிக்கும் ஆகிவிடும். அம்மா காலையில், "பேங்க்காரம்மாவுக்குத் தண்ணி ஊத்துடி" என்பாள். "எதிர்வீட்டுக்காரிக்கு இலையெல்லாம் பழுத்துப் போச்சு, தூக்கி வெயில்ல வை" என்பாள். முதல் தடவை இதைக் கேட்ட எங்கள் கேஸ் சிலிண்டர்காரர் ஒரு நிமிஷம் வாசலிலேயே திகைத்து நின்றார்.

இந்தக் கூட்டத்தைப் பெரியப்பாவுக்கு அறவே பிடிக்காது. அவர் நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். அறுவடை முடிந்ததும் புது அரிசி மூட்டையைத் தன் தோளிலேயே சுமந்து வந்து எங்கள் சமையலறையில் இறக்குவார். வரும்போதெல்லாம் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கி வருவார். அம்மா கேட்டாள் என்று வாய்க்கால் வண்டலை சிமெண்டு சாக்கில் கட்டி பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்தவரும் அவர்தான். கொடுக்கும்போதே ஒரு பாட்டு பாடித்தான் கொடுப்பார். "பூக்கல, காய்க்கல, மாடுகூடத் திங்காது. இதுக்குப் போயி பொன்னு மாதிரி வண்டலு. வயலுக்குப் போட்டா நாலு மரக்கா நெல்லாவது கூட வரும்" என்பார். அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாக நின்று சிரிப்பாள். அவர் எதிரில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் வேர் எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காக ஆளுக்கொரு மணி பிளாண்ட் துண்டு கொடுத்திருந்தார்கள். மற்றவர்களுடையது அழுகிப்போனது. என்னுடையது பிழைத்துக்கொண்டது. ஹால் ஜன்னலில் பாட்டிலை வைத்து, ஆணிக்கு ஆணி நூல் கட்டி, கொடியை வாசல் நிலைக்கு மேலே ஏற்றிவிட்டேன். எத்தனை இலை என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். முழுப் பரீட்சை லீவுக்குள் அது நிலையைத் தாண்டி அந்தப் பக்கச் சுவருக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் அப்போதைய என் வாழ்க்கை லட்சியம். அது போகவில்லை. ஏன் போகவில்லை? சனிக்கிழமை இருபத்து மூன்று இலை. திங்கட்கிழமை பார்த்தால் பத்தொன்பது. அடுத்த முறை எங்கள் வீட்டில் கூட்டம் நடந்தபோது பதினாறு. நுனியை யாரோ நகத்தால் அழகாகக் கிள்ளியிருந்தார்கள்.

அம்மாவிடம் ஓடினேன். "அது வளரும், போடி" என்றாள். பல்லி கடித்திருக்கும் என்றார் அப்பா. பல்லி இலை தின்னுமா? பத்து வயதுப் பிள்ளை எதைச் சொன்னாலும் நம்பிவிடும் என்று பெரியவர்களுக்கு ஒரு நினைப்பு. நானே துப்புத் துலக்குவது என்று முடிவு செய்தேன். அடுத்த முறை எங்கள் வீட்டில் கூட்டம் நடந்தபோது, அலமாரிக்கும் சோபாவுக்கும் நடுவில் கதைப்புத்தகத்தோடு பதுங்கிக்கொண்டேன். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அம்மா, "இருங்க, டீ போட்டு எடுத்துட்டு வர்றேன்" என்று எழுந்து போனாள். எதிர்வீட்டு ஆன்ட்டி மெல்ல எழுந்தார். ஜன்னலோரம் போய் வெளியே பார்ப்பதுபோல் நின்றார். பேங்க் ஆன்ட்டி உரக்கத் தும்மினார். அந்த நேரம் பார்த்து என் கொடியில் இரண்டு கணு ஒடிந்து எதிர்வீட்டு ஆன்ட்டியின் கைப்பைக்குள் போனது.

"திருடி! திருடி!" என்று கத்திக்கொண்டே வெளியே பாய்ந்தேன். பட்டப்பகலில், பஜ்ஜியும் தின்றுவிட்டு, ஒரு குழந்தையின் செடியில் கை வைக்கிறவரை வேறு என்ன சொல்வது? அவர் பயந்து நடுங்குவார், காலில் விழுவார் என்றெல்லாம் நினைத்தேன். அவரோ கைப்பையிலிருந்து கொடியை எடுத்து எல்லோருக்கும் ஆட்டிக் காட்டி, "ஆமாண்டி, திருடிதான்! என்னா பண்ணுவ?" என்றார். ஹாலே அதிரச் சிரித்தார்கள். பேங்க் ஆன்ட்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சமையலறை வாசலில் நின்ற என்னைப் பெற்ற தாயும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். அடுப்பில் டீ எப்போதோ கொதித்து முடிந்திருந்தது. அவள் திருடுவதற்கு நேரம் கொடுத்துக்கொண்டு உள்ளே சும்மா நின்றிருக்கிறாள்.

அன்றைக்குத்தான் இந்தத் திருட்டுச் சட்டத்தை எனக்கு விளக்கிச் சொன்னார்கள். வேண்டும் என்கிறவர் கேட்கக் கூடாது. வீட்டுக்காரர் கொடுக்கக் கூடாது. அவர் உள்ளே போக வேண்டும், இவர் ஒடிக்க வேண்டும், மற்றவர்கள் வேறு பக்கம் பார்க்க வேண்டும். வந்தவர்களில் யார் யார் ஏற்கெனவே என் கொடியைத் திருடியவர்கள் என்று கேட்டேன். வெட்கமே இல்லாமல் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். நான் அழுததற்கு மேலும் சிரித்தார்கள். "கிள்ளக் கிள்ளத்தான் கண்ணு வெடிச்சு நிறைய வரும், அழாத" என்று எதிர்வீட்டு ஆன்ட்டி என் கன்னத்தைக் கிள்ளினார். அதற்கும் எனக்குக் கோபம். ஆனால் எங்கள் வீட்டு முறை இரண்டு மூன்று தடவை வந்து போவதற்குள் கோபம் போய் எனக்கும் அந்த விளையாட்டு பிடித்துப்போய்விட்டது. யாராவது கொடிப்பக்கம் போனால், "திருடி வந்தாச்சு!" என்று நானே கூவுவேன். உடனே ஹால் சிரிக்கும். பெரியவர்கள் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற ஒரு வார்த்தை என் கைவசம் வந்துவிட்ட பெருமை எனக்கு.

அதற்குப் பிறகு கூட்டத்தில் வந்து சேர்ந்தும் திருடாதவர் ஒரே ஒருத்தர் இருந்தார். தெருக்கோடியில் சொந்த வீடு கட்டிக்கொண்டு வந்திருந்த காலேஜ் ஆன்ட்டி. பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். ஸ்கூட்டியில் போவார், கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டுவார். மற்ற எல்லோரும் ஒருவரையொருவர் அக்கா என்றும் வாடி போடி என்றும் கூப்பிட்டுக்கொள்ள, இவரை மட்டும் மேடம் என்பார்கள். "மேடம்னு கூப்பிடாதீங்க, ஒரு மாதிரி இருக்கு" என்று அவரும் பலமுறை சொல்லிப் பார்த்தார். "சரிங்க மேடம்" என்பாள் அம்மா. எனக்கு அவரைத்தான் மிகவும் பிடிக்கும். என் கொடியைத் தொட்டுப் பார்க்கக்கூட என்னிடம் அனுமதி கேட்ட ஒரே ஆள் அவர்தான். முதல் தடவை வந்தபோது, விவரம் தெரியாமல், "எனக்கும் ஒரு துண்டு தர்றியா பாப்பா?" என்று என்னிடமே கேட்டார். நான் கத்தரிக்கோல் எடுக்க ஓடினேன். எல்லோரும் கூச்சல் போட்டுத் தடுத்தார்கள். "கேக்கக் கூடாதுங்க மேடம், நீங்களாத்தான் எடுத்துக்கணும்" என்றார் பேங்க் ஆன்ட்டி. காலேஜ் ஆன்ட்டி சிரித்துக்கொண்டே, "எடுக்கறதா? அது எனக்கு வராதுங்க" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு தடவையும் அவரை இப்படி ஏற்றிவிடுவார்கள். "இன்னிக்காவது எடுங்க மேடம், இங்க எல்லாரும் திருடிங்கதான்" என்பார்கள். அவர் மாட்டார். ஒரு வருஷம் போல அவர் வீட்டு ஜன்னல் மட்டும் மணி பிளாண்ட் இல்லாமல் இருந்தது. இவ்வளவு படித்தவர் ஒரு செடி ஒடிக்க இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

ஒரு முறை பெரியப்பா அரிசி கொண்டுவந்தபோது கூட்டம் எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. அவர் உள்ளே நுழைந்ததும் அம்மா எழுந்து நின்றாள். மற்ற பெண்கள் "வாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தபடி இருந்தார்கள். காலேஜ் ஆன்ட்டியும் "வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தபடிதான் இருந்தார். பெரியப்பா பதில் சொல்லாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர்கள் எல்லோரும் போன பிறகு சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே அப்பாவிடம், "இது நம்ம வயல்ல நாத்துப் பறிச்சவன் பொண்ணுல்ல? அவன் நம்ம வாசல்ல நின்னு கூலி வாங்கிட்டுப் போனவன். இது கால்மேல கால் போட்டு உக்காந்து டீ குடிக்குது" என்றார். அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டு, "நல்லாப் படிச்சாங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். உட்கார்ந்திருந்ததில் என்ன குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டி சோபாவில் சம்மணமே போட்டிருந்தாரே, அதை ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு, அம்மா என் தட்டில் இன்னொரு அப்பளத்தை வைத்து வாயை அடைத்தாள்.

அடுத்த தை மாதம், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. அன்றும் எங்கள் வீட்டு முறை. சம்பா அறுப்பு முடிந்து புது அரிசியோடு பெரியப்பாவும் மத்தியானமே வந்து, டிவிக்கு எதிரில் சாய்வு நாற்காலியில் கால் நீட்டியிருந்தார். அவர் இருக்கிறாரே, கூட்டத்தை வேறு வீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று அம்மா காலையிலிருந்து தவித்தாள். மாற்றவில்லை. வந்தவர்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெல்லப் பேசினார்கள். பஜ்ஜி ஆன பிறகு பழையபடி சத்தம் ஏறிவிட்டது. காலேஜ் ஆன்ட்டி அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தார். பொங்கலுக்குத் தன் வீட்டு ஹாலுக்குப் பச்சை வண்ணம் அடித்திருப்பதாகவும், ஜன்னலில் வைக்க ஒரு நீலக் கண்ணாடி ஜாடி வாங்கியிருப்பதாகவும் சொன்னார். "அதுக்குள்ள என்ன வைக்கப் போறீங்க?" என்று எதிர்வீட்டு ஆன்ட்டி கேட்டார். காலேஜ் ஆன்ட்டி என் கொடிப்பக்கம் பார்த்துச் சிரித்தார்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "இன்னொரு டீ போடறேன்" என்று உள்ளே போனாள். பேங்க் ஆன்ட்டி தும்மினார். மற்றவர்கள் திடீரென்று என் பரீட்சை மார்க்கைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்கள். நான் பதில் சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். காலேஜ் ஆன்ட்டி எழுந்தார். ஜன்னலுக்குப் போனார். ஒரு தடவை சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, ஒரு வருஷமாக எடுக்காத அந்தக் கொடியில் ஒரே ஒரு துண்டை, இரண்டு இலையோடு, ஒடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். திரும்பியபோது அவர் முகத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் மாங்காய் அடித்துவிட்டு வரும்போது இருக்கிற அதே களை.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கடைசியில் அவரும் சேர்ந்துவிட்டார்! இதை நான் அறிவிக்காமல் வேறு யார் அறிவிப்பது? சோபா மேல் ஏறி நின்று, கைகளைத் தட்டிக்கொண்டு, "திருடி! காலேஜ் ஆன்ட்டியும் திருடி!" என்று தொண்டை கிழியக் கூவினேன்.

எதிர்வீட்டு ஆன்ட்டி சிரிக்க வாயைத் திறந்தார். அதற்குள் சாய்வு நாற்காலியிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. "அப்பன் கதிர்க்கட்டைத் தூக்கிட்டுப் போனான். பொண்ணு செடியத் தூக்குது" என்று டிவியைப் பார்த்தபடியே சொல்லிவிட்டு, அவர் சிரித்தார்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டி திறந்த வாயை மூடிக்கொண்டார். பேங்க் ஆன்ட்டி டீ கிளாஸுக்குள் எதையோ தேடினார். எப்போதும் சிரிக்கிற வார்த்தைக்கு ஏன் இவர்களெல்லாம் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. பெரியப்பா ஒருவராவது சிரித்தாரே என்று நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். நன்றாக, சத்தமாகச் சிரித்தேன்.

காலேஜ் ஆன்ட்டி பையைத் திறந்தார். அந்த இரண்டு இலைத் துண்டை எடுத்து, தான் பாதி குடித்து வைத்திருந்த டீ கிளாஸுக்குப் பக்கத்தில் டீப்பாயின் மேல் வைத்தார். பெரியப்பாவைப் பார்த்து, "எங்கப்பா எதையும் தூக்கிட்டுப் போகலைங்க. நீங்க அளந்து போட்டதைத்தான் கொண்டாந்தாரு" என்றார். குரல் உயரவே இல்லை. வகுப்பில் தேதி சொல்கிற மாதிரி சொன்னார். அம்மா சமையலறை வாசலில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். காலேஜ் ஆன்ட்டி அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அம்மா பெரியப்பாவைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "வர்றேங்க" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கேட் சாத்துகிற சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை.

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். சோபா மேல் நின்றிருந்த என்னை இழுத்து இறக்கிக் கன்னத்தில் ஒன்று விட்டாள். "பெரியவங்களப் பாத்து என்னா வார்த்த பேசற?" என்றாள்.

அநியாயம் என்றால் இதுதான் அநியாயம். இதே வார்த்தையை இதே இடத்தில் சொன்னபோது கரண்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவள் யார்? எதிர்வீட்டு ஆன்ட்டியைச் சொன்னால் வேடிக்கை, காலேஜ் ஆன்ட்டியைச் சொன்னால் அறையா? அழுதுகொண்டே இதைத்தான் கத்தினேன். பெரியப்பா மட்டும், "புள்ளைய ஏன் அடிக்கிற? அது என்னா இல்லாததையா சொல்லிச்சு?" என்று எனக்குப் பரிந்து பேசி, ஒரு கடலை மிட்டாயை என் கையில் திணித்தார். அன்றைக்கு எனக்கு அந்த வீட்டில் நியாயம் தெரிந்த ஒரே மனிதராக அவர்தான் தெரிந்தார். இதை இப்போது எழுதும்போது எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

பெரியப்பா மேலும் கோபம் வராமலா இருக்கும்? அந்த வயலில் நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து, குனிந்த முதுகோடு அறுத்துப் போட்டவர் அந்த ஆன்ட்டியின் அப்பா. வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றது எங்கள் வீட்டு ஆட்கள். இதில் யார் யாரிடமிருந்து எதைத் தூக்கினார்கள் என்று கேட்க அந்த ஹாலில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. சரி, அதெல்லாம் பெரிய பேச்சு. "மாமா, நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்" என்று அம்மா சொல்லியிருக்கலாமே? "இங்க எல்லாருமே எடுத்ததுதாங்க" என்று எதிர்வீட்டு ஆன்ட்டி கை தூக்கியிருக்கலாமே? நான் கேட்டபோது ஆளாளுக்குத் தூக்கிய கைகள்தானே அவை! ஒருவர் சிரித்திருந்தால்கூட அது பழையபடி வெறும் விளையாட்டாக ஆகியிருக்கும். மாதக்கணக்காக "எடுங்க, எடுங்க" என்று ஏற்றிவிட்டுவிட்டு, எடுத்த நாளில் அவரைத் தனியாக நிற்க வைத்துவிட்டார்கள்.

அதன்பிறகு அவர் வரவில்லை. அடுத்த மாதம் அவர் வீட்டில் நடக்க வேண்டிய முறை பேங்க் ஆன்ட்டி வீட்டுக்குத் தானாக மாறியது. புதிதாக வந்த ஒரு கள்ளிச் செடியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். அவருடைய ஸ்கூட்டி எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் அம்மா கையில் இருக்கிற வேலையை நிறுத்துவாள். ஸ்கூட்டி நிற்காது.

மூன்று வாரமோ நாலு வாரமோ கழித்து ஒரு சனிக்கிழமை, நான் பள்ளிக்கூடம் இல்லாமல் வீட்டில் இருந்தேன். அம்மா குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து ஜன்னலருகில் நின்றாள். வெளியில் எங்கும் போவதாகச் சொல்லவில்லை. என் கொடியில் ஏழெட்டு இலையோடு நீளமாக ஒன்றைக் கத்தரித்து, ஒரு நல்ல பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டாள். என்னிடம் கேட்காமல்! நான் கூச்சல் போட்டேன். "கொடுத்தா லட்சுமி போயிடும்னு நீதானே சொன்ன?" என்றேன். "போனாப் போகட்டும்" என்றாள் அம்மா. பாட்டிலை என் கையில் கொடுத்து, "காலேஜ் ஆன்ட்டி வீட்டுல கொடு. அம்மா கொடுத்துச்சுன்னு சொல்லு. நீ முதல்ல போ" என்றாள்.

எனக்கு அந்த அறை இன்னும் மறக்கவில்லை. அடி வாங்கியதும் நான், செடி கொடுப்பதும் நான், தூக்கிக்கொண்டு போவதும் நானா? வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். கேட்டைத் தட்டியதும் காலேஜ் ஆன்ட்டி வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. என் தலைக்கு மேலே தெருவைப் பார்த்தார்.

"அம்மா வரலையா?" என்றார்.

"அம்மாவுக்கு வேலை இருக்கு" என்றேன். அப்படிச் சொல்லச் சொல்லி அம்மா அனுப்பவில்லை. என் வாயில் தானாக வந்தது. அவர் கேட் கம்பியைப் பிடித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் எங்கள் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பாட்டிலை வாங்கினார். ஒவ்வொரு இலையாக விரலால் தடவிப் பார்த்தார். "ரொம்ப நல்லா வளத்திருக்க. ஆனா இங்க வைக்க இடமில்லடா கண்ணு. நீயே கொண்டுபோயி வச்சுக்க" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார்.

இடமில்லையாம்! அவர் பின்னால் ஹால் ஜன்னல் திறந்துதான் இருந்தது. அந்தத் திண்டு நீளத்துக்கும் ஒரு செடி கிடையாது. பச்சைப் பொய். என் செடியை, நான் நூல் கட்டி, இலை எண்ணி வளர்த்த செடியை, வேண்டாம் என்று சொல்ல எத்தனை திமிர் இருக்க வேண்டும்! பாட்டில் தண்ணீர் கவுனில் தளும்பிக் கொட்டக் கொட்ட வேகமாக நடந்தேன்.

அம்மா அந்த நல்ல புடவையோடு எங்கள் கேட்டுக்கு உள்பக்கம், தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றிருந்தாள். காலில் செருப்பு போட்டிருந்தாள். திரும்பி வந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"வேணாம்னுட்டாங்க. இடமில்லையாம். பொய்ம்மா, நான் பாத்தேன், ஜன்னல் காலியாத்தான் கிடக்கு" என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"வேற ஏதாச்சும் கேட்டாங்களா?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அம்மா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் எதையும் மறைக்கவில்லை. அம்மா வரலையா என்பது, யார் வீட்டு வாசலில் போய் நின்றாலும் பிள்ளைகளிடம் எல்லோரும் கேட்கிற கேள்விதானே, அதைப் போய் ஒரு சேதி என்று யாராவது வீட்டில் வந்து சொல்வார்களா என்றுதான் நினைத்தேன்.